புதுக்கோட்டை நகராட்சித் தேர்தல் வரலாறு

புதுக்கோட்டை நகராட்சி, தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத் தலைநகரை நிருவகித்துவந்த நகர உள்ளாட்சி அமைப்பாகும். சமஸ்தான ஆட்சிக் காலத்தில், 1912ஆம் ஆண்டில் இது அமைக்கப்பட்டது. 2024 ஆகஸ்டு 12 முதல் மாநகராட்சியாகச் செயல்பட்டு வருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 1,17,630. 2022ஆம் ஆண்டுத் தேர்தல் 42 வார்டுகளுக்கு நடைபெற்றது.

ஒரு நகர்மன்றத்தின் தேர்தல் வரலாறு என்றால் எந்த ஆண்டில் எந்தக் கட்சி எத்தனை இடம் பெற்றது என்ற பட்டியலே பலருக்கும் நினைவுக்கு வரும். புதுக்கோட்டையைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் பாதிக் கதையைத்தான் சொல்லும். தேர்தல் நடந்த ஆண்டுகளைப் போலவே, நடக்காமல் போன ஆண்டுகளும் இங்கு முக்கியமானவை. 1970களின் நடுப்பகுதியிலிருந்து 2022 வரையிலான காலத்தைக் கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய 20 ஆண்டுகள் இந்நகரம் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் அதிகாரிகளால் நிருவகிக்கப்பட்டுள்ளது.

சமஸ்தான காலம்

அருகிலுள்ள திருச்சிராப்பள்ளியில் 1866ஆம் ஆண்டிலேயே நகராட்சி தோன்றிவிட்டது. பிரித்தானிய இந்தியாவின் நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கை கூட வேண்டும் என்று ரிப்பன் பிரபு 1882இல் வெளியிட்ட தீர்மானம் வழிவகுத்தது. ஆனால் புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தனிச் சமஸ்தானம். சென்னை மாகாணத்தின் நகராட்சிச் சட்டங்கள் அதன் எல்லையைத் தாண்டிச் செல்லாது. எனவே இங்கு உள்ளாட்சியும் வாக்குரிமையும் அரண்மனையும் திவானும் விரும்பிய வேகத்திலேயே வந்தன.

நகரத்தின் உருவம் தேர்தலுக்கு முன்பே வரையப்பட்டுவிட்டது. 1878 முதல் 1894 வரை நிருவாகத்தை நடத்திய அ. சேஷய்ய சாஸ்திரி, நகரை நேர்கோட்டு வீதிகளாகத் திருத்தி அமைத்தார். ராஜ வீதிகளும் அவற்றுக்கு இணையாகச் செல்லும் எண்ணிட்ட வீதிகளும் இன்றும் அப்படியே உள்ளன. ‘கீழ 2ஆம் வீதி’ என்று முகவரி சொல்லும் வழக்கம் அந்த அமைப்பிலிருந்து வந்ததே. குளங்களைத் தூர்வாரியதும் அலுவலகக் கட்டடங்களை எழுப்பியதும் அக்காலப் பணிகளே. இவை எல்லாம் எந்த வாக்காளரையும் கேட்டுச் செய்யப்பட்டவை அல்ல. நன்றாகச் செய்யப்பட்டன என்பதும் உண்மை.

மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1902இல், மைசூர் சமஸ்தானத்தின் முன்மாதிரியைப் பின்பற்றிப் பிரதிநிதிகள் சபை ஒன்றை ஏற்படுத்தினார. முதலில் அதன் உறுப்பினர்கள் அனைவரும் நியமிக்கப்பட்டனர். 1907 முதல் ஒரு பகுதியினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1912இல் நகராட்சி அமைந்தபோது, சமஸ்தான மக்களுக்கு வாக்களிப்பது முற்றிலும் புதிய செயலாக இருக்கவில்லை. பிரதிநிதிகள் சபைக்குப் பதிலாக 1924இல் சட்டசபை நிறுவப்பட்டது. அதன் 50 உறுப்பினர்களில் 35 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

இந்த எண்களைக் கண்டு அன்றைய ஆட்சியை மக்களாட்சி என்று எண்ணிவிடக் கூடாது. சொத்தும் வரியும் வாக்குரிமையின் அளவுகோல்களாக இருந்த காலம் அது. சபைகளும் பெரும்பாலும் ஆலோசனை சொல்லும் இடங்களே. வரி விதிப்பில் தங்கள் சொல் எடுபடவில்லை என்ற மனக்குறை 1931 ஜூலையில் நகரில் பெரும் கலவரமாக வெடித்தது. வரி கட்டுபவருக்கும் வரி விதிக்கும் மன்றத்துக்கும் இடையே வாக்குச்சீட்டு என்ற இணைப்பு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்ற கேள்வி, பிற்காலத்திலும் இந்நகரின் வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுகிறது.

புதுக்கோட்டை மண்ணில் பிறந்த இருவர் அக்காலத்தில் சென்னையில் பெயர் பெற்றதையும் இங்கே குறிப்பிடலாம். திருமயத்தில் பிறந்த சு. சத்தியமூர்த்தி 1939இல் சென்னை மாநகராட்சியின் மேயரானார். பூண்டி நீர்த்தேக்கம் அவர் பெயரோடு இணைந்தது. புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மேலவைக்கு 1927இல் துணைத் தலைவரானார்.

இணைப்புக்குப் பின்

1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. பின்னர் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே புதுக்கோட்டைக்கும் பொருந்தியது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பிறகு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமாகி, நகரம் மீண்டும் ஒரு தலைநகரமாயிற்று.

ஆனால் மாவட்டத் தலைநகரான சில ஆண்டுகளிலேயே அதற்கு நகர்மன்றம் இல்லாமல் போனது. தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கு 1969இல் தேர்தல் நடைபெற்றது. அந்த மன்றங்களின் காலம் முடிந்த பின் அடுத்த தேர்தல் 1986 பிப்ரவரியில்தான் வந்தது. இடைப்பட்ட பத்தாண்டு காலமும் தனி அலுவலர்களின் ஆட்சி. அன்று உள்ளாட்சித் தேர்தலைக் குறித்த காலத்தில் நடத்தியே தீர வேண்டும் என்று மாநில அரசைக் கட்டாயப்படுத்தும் விதி அரசியலமைப்பில் இல்லை. ஆளுங்கட்சிக்குக் காலம் சாதகமாகத் தோன்றாவிட்டால் தள்ளிவைக்கலாம். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது என்பதை 1986ஆம் ஆண்டின் முடிவுகளே காட்டின: மாநிலத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோதே, பெரும்பாலான நகராட்சிகளைத் தி.மு.க. கைப்பற்றியது. அம்மன்றங்களின் காலம் முடிந்தபின் 1996 வரை மீண்டும் தேர்தல் இல்லை.

74ஆவது திருத்தம் கொண்டுவந்த மாற்றம்

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் இந்த நிலையை மாற்ற முனைந்தது. அதன்படி நகராட்சியின் காலம் ஐந்தாண்டு. அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும். தேர்தலை நடத்தும் பொறுப்பு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு மக்கள்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இடங்கள் ஒதுக்கப்பட்டன.

இவ்விதிகளின்கீழ் 1996, 2001, 2006, 2011 ஆகிய ஆண்டுகளின் அக்டோபர் மாதங்களில் தேர்தல் ஒழுங்காக நடந்தது. இக்காலத்தில் நான்கு தேர்தல்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து வந்தன. 2011இல் அ.தி.மு.க.வின் ராஜசேகரன் நகர்மன்றத் தலைவரானார். மாநிலம் முழுவதும் அக்கட்சி பெருவெற்றி பெற்ற தேர்தல் அது.

தலைவரை யார் தேர்ந்தெடுப்பது?

காலம் ஒழுங்கானாலும் முறை ஒழுங்காகவில்லை. நகர்மன்றத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பதா என்பதை அரசியலமைப்பு மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டுள்ளது. தமிழ்நாட்டில் அது ஆட்சி மாறும்போது மாறியது. ஒரே ஆட்சிக்குள்ளும் மாறியது. 1996, 2001 ஆகிய தேர்தல்களில் நேரடி முறை. 2006இல் மறைமுக முறை. 2011இல் மீண்டும் நேரடி முறை. 2016இல் மறைமுக முறைக்குச் சட்டம் திருத்தப்பட்டு, 2018இல் நேரடி முறைக்குத் திரும்பி, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தின் வழியே மறைமுக முறையே நிலைபெற்றது. இத்தனை மாற்றங்களில் கடைசி மூன்றும் ஒரு தேர்தல்கூட நடக்காமலே செய்யப்பட்டவை.

புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த சாருபாலா தொண்டைமான் இரண்டு முறைகளையும் கண்டவர். பக்கத்து நகரான திருச்சிராப்பள்ளியில் 2001இல் மக்களின் நேரடி வாக்கிலும், 2006இல் உறுப்பினர்களின் வாக்கிலும் அவர் மேயரானார்.

இரு முறைகளிலும் வாக்காளரின் கையில் இருக்கும் அதிகாரம் வேறுபடுகிறது. நேரடி முறையில் அவருக்கு இரண்டு வாக்குகள்: ஒன்று வார்டு உறுப்பினருக்கு, மற்றது தலைவருக்கு. தலைவர் ஒரு கட்சியாகவும் மன்றப் பெரும்பான்மை வேறு கட்சியாகவும் அமைந்து, தீர்மானங்கள் முடங்கும் வாய்ப்பு உண்டு. மறைமுக முறையில் வாக்காளருக்கு ஒரே வாக்கு. தலைவர் யார் என்பது தேர்தலுக்குப் பிறகு ஒரு மூடிய அறையில் முடிவாகிறது.

அந்த அறையில் என்ன நடக்கலாம் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே இரண்டு சான்றுகளைத் தருகிறது. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் 22 உறுப்பினர்கள் கொண்ட மாவட்ட ஊராட்சியில் தி.மு.க. கூட்டணிக்கே பெரும்பான்மை கிடைத்தது. ஆயினும் 2020 ஜனவரியில் நடந்த மறைமுகத் தேர்தலில் உறுப்பினர்கள் சிலர் மாறி வாக்களித்ததால், தலைவர் பதவி அ.தி.மு.க.வுக்குச் சென்றது. மற்றது அன்னவாசல் பேரூராட்சி. 2022இல் அதன் 15 வார்டுகளில் அ.தி.மு.க. பெரும்பான்மை பெற்றது. தலைவர் தேர்தல் நாளன்று பேரூராட்சி அலுவலகத்தின் முன் மோதல் மூண்டு, காவல்துறை தடியடி நடத்தியது. முடிவில் அ.தி.மு.க.வைச் சேர்ந்தவரே தலைவரானார். முதல் நிகழ்வில் எண்ணிக்கை தோற்றது. இரண்டாவதில் எண்ணிக்கை நிலைத்தது, ஆனால் தடியடிக்கு நடுவே. மறைமுக முறை நிலையான மன்றத்தைத் தரும் என்று சட்டமன்றத்தில் சொல்லப்படும் வாதத்தை இவற்றோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

2016 முதல் 2022 வரை: மன்றம் இல்லாத காலம்

2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் 17, 19 ஆகிய நாள்களில் வாக்குப்பதிவு என்று அறிவிக்கப்பட்டு, வேட்புமனுக்களும் பெறப்பட்டன. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்றும் அறிவிப்பு அவசரமாக வெளியிடப்பட்டது என்றும் தி.மு.க. தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று அத்தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. வார்டு மறுவரையறை, மேல்முறையீடுகள், புதிய மாவட்டங்களின் உருவாக்கம் என்று காரணங்கள் அடுக்கடுக்காக வந்தன. ஐந்தாண்டுக்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்ற அரசியலமைப்பு விதி இருந்தும், புதுக்கோட்டை நகரத்தார் அடுத்து வாக்களித்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான்.

இந்த இடைவெளி வெறும் சட்டச் சிக்கலாக முடிந்துவிடவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. தென்னையும் பலாவும் சாய்ந்தன; மின்கம்பங்கள் விழுந்து பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் இருந்தன; குடிநீர் இறைக்க மின்சாரம் இல்லை. அப்போது நகரிலும் கிராமங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உள்ளாட்சி உறுப்பினர்கூட இல்லை. எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை, எந்த வீட்டின் கூரை போனது என்று கேட்டு வலியுறுத்த வேண்டிய இடத்தில் முன்னாள் உறுப்பினர்களே இருந்தனர். அவர்களுக்குக் கூட்டத்தில் அமரும் உரிமையோ தீர்மானம் போடும் அதிகாரமோ கிடையாது. கொரோனா பெருந்தொற்றின் முதல் இரண்டு ஆண்டுகளையும் நகரம் இப்படியே கடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை என்பதால், நிதிக்குழு பரிந்துரைத்த மானியத்தின் ஒரு பகுதியை ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கு விடுவிக்காமல் நிறுத்தியதும் இக்காலத்தில்தான்.

தனி அலுவலர் ஆட்சியில் குப்பை அள்ளப்படும், விளக்கு எரியும், வரி வசூலாகும். மன்றம் கூடித் தீர்மானிக்க வேண்டிய அதிகாரங்கள் அனைத்தும் ஓர் அலுவலரின் கையெழுத்தில் அடங்கிவிடும். அவரைக் கேள்வி கேட்க எதிர் வரிசை இருக்காது என்பதுதான் வேறுபாடு.

இங்கிலாந்தின் பரோ மன்றங்களோடு ஓர் ஒப்பீடு

இந்திய நகராட்சிகளின் மூலவடிவம் இங்கிலாந்தின் பரோ மன்றங்கள். அங்கே 1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம், உறுப்பினர்களுக்கு மூன்றாண்டுக் காலம் என்றும், ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பகுதியினர் விலகி அந்த இடங்களுக்குத் தேர்தல் நடக்க வேண்டும் என்றும் வகுத்தது. இன்று காலம் நான்கு ஆண்டாகியுள்ளது. பல பரோ மன்றங்கள் இன்றும் மூன்றில் ஒரு பங்கு முறையையே பின்பற்றுகின்றன, வேறு பல எல்லா இடங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துகின்றன.

மூன்றில் ஒரு பங்கு முறையில் மன்றம் ஒருபோதும் முழுமையாகக் காலியாவதில்லை. ஒரு தேர்தல் தள்ளிப்போனாலும் மீதமுள்ள உறுப்பினர்கள் இருப்பார்கள். தமிழ்நாட்டில் எல்லா வார்டுகளின் காலமும் ஒரே நாளில் முடிகிறது. அன்று தேர்தல் நடந்திராவிட்டால் நகர்மன்றமே இல்லாமல் போகிறது. வடிவத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்ட நாம் இந்தப் பாதுகாப்பை எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் தேர்தல் செலவும் ஓயாத பிரசாரமும் அதன் விலை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2022ஆம் ஆண்டுத் தேர்தல்

பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீட்டுடன் தமிழ்நாட்டில் நடந்த முதல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் இது. 2022 பிப்ரவரி 22 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றனர். மார்ச் 4 அன்று மறைமுகத் தேர்தல் நடைபெற்றது. புதுக்கோட்டையில் தி.மு.க. கூட்டணி பெரும்பான்மை பெற்று, திலகவதி செந்தில் தலைவராகவும் லியாகத் அலி துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இருவரும் தி.மு.க.வைச் சேர்ந்தவர்கள்.

மாவட்டத்துக்கென்று இருந்த நாடாளுமன்றத் தொகுதி இதற்குள் மறைந்துவிட்டிருந்தது. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி நீக்கப்பட்டு, மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் திருச்சிராப்பள்ளி, சிவகங்கை, இராமநாதபுரம், கரூர் ஆகிய நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குள் பிரிந்தன. எனவே இந்நகரத்தாருக்குத் தங்கள் ஊர்ப் பெயரோடு வாக்களிக்க எஞ்சியவை சட்டமன்றமும் உள்ளாட்சியும்தான்.

மாநகராட்சியும் இணைக்கப்பட்ட ஊர்களும்

2024 மார்ச்சில் திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி ஆகியவற்றுடன் புதுக்கோட்டையும் மாநகராட்சியாகும் என்று அறிவிக்கப்பட்டது. மாநகராட்சிக்கான மக்கள்தொகை வரம்பு 3 லட்சத்திலிருந்து 2 லட்சமாகக் குறைக்கப்பட்டபோதும், நகரத்தின் மக்கள்தொகை மட்டும் அதற்குப் போதாது. ஆகவே கவிநாடு, நத்தம்பண்ணை, திருக்கட்டளை உள்ளிட்ட சுற்றுப்புற ஊராட்சிகளை இணைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. ஆகஸ்டு 12 அன்று மாநகராட்சி நடைமுறைக்கு வந்தபோது நகர்மன்றத் தலைவரே மேயரானார். 42 வார்டு உறுப்பினர்களும் மாமன்ற உறுப்பினர்களாகத் தொடர்ந்தனர்.

இணைப்புக்கு ஊராட்சிகளில் எதிர்ப்பு எழுந்தது. நகரப் பகுதியாகிவிட்டால் நூறு நாள் வேலைத் திட்டம் கிடைக்காது; வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் உயரும் என்பவை முதன்மையான அச்சங்கள். நூறு நாள் வேலை ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்ததால் முதல் அச்சத்துக்குச் சட்ட அடிப்படை இருந்தது.

வாக்காளர் என்ற முறையிலும் இவ்வூர்களின் நிலை விந்தையானது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊராட்சிகள் 2019 டிசம்பரில் தேர்தலைக் கண்டதால், 2020 முதல் 2022 வரை கவிநாட்டில் ஊராட்சி மன்றம் இருந்தது, பக்கத்தில் நகரத்துக்கு மன்றம் இல்லை. 2025 ஜனவரி 5 அன்று ஊராட்சிகளின் காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்ததும் நிலை தலைகீழானது. இப்போது நகரத்துக்கு மாமன்றம் இருந்தது; சுற்றியுள்ள ஊர்களுக்கு மன்றம் இல்லை. இணைக்கப்படும் ஊர்களின் வாக்காளர்களைப் பொறுத்தவரை, அவர்களுடைய தெருவைப் பற்றி முடிவெடுக்கும் மாமன்றம் அவர்கள் வாக்களிக்காத 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் அமைந்தது.

அந்த மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிகிறது. புதிய எல்லைக்கு ஏற்ப வார்டுகளை மறுவரையறை செய்து, வாக்காளர் பட்டியலைப் பிரித்து, இட ஒதுக்கீட்டை வகுத்த பிறகே புதுக்கோட்டை தன் முதல் மாநகராட்சித் தேர்தலை நடத்த முடியும். 2016இல் தேர்தல் நின்றதும் இத்தகைய பணிகளைச் சுற்றி எழுந்த வழக்குகளால்தான்.